ஐந்தாவது விடை

காத்தான்குடியில் முப்பத்துநாலு வயது ஆண்பிள்ளை ஒருவன் என்ன செய்துகொண்டிருக்க வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். மூத்த மகளுக்கு வீடு கட்ட அத்திவாரம் வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருகிறவன். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாளென்றால் தகப்பன் கல்லையும் மண்ணையும் பற்றித்தான் பேச வேண்டும். மர்சூக்கின் மகள் ரிப்காவுக்கு ஒன்பது வயதாகிவிட்டது. மர்சூக்கோ மனைவி வீட்டு முன்னறையில் ஈரத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டு ரயில்கள் எங்கே சந்திக்கும் என்று ஆங்கிலப் புத்தகமொன்றில் தேடிக்கொண்டிருந்தான்.

"ஊரான் மகளுக்குக் கல்லு அடுக்குறான், நீ புத்தகம் அடுக்குறாய்," என்றான் மஜீட், சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு. காலையில் மீன் கொண்டு வருகிறவன். சின்ன வயதில் மர்சூக்கோடு ஒரே பாயில் இருந்து ஓதியவன். "ரெயில் எங்க சந்திச்சா ஒனக்கென்ன? மட்டக்களப்புக்கு வாறதே ஒண்டுதான்."

"அதுவும் நேரத்துக்கு வாறல்ல," என்றான் மர்சூக், தலை நிமிராமல்.

அந்தப் பரீட்சைக்கு ஜீமெற் என்று பெயர். வணிக முகாமைத்துவத்தில் மேற்படிப்புக்கு வெளிநாட்டுக் கல்லூரிகளுக்குப் போக நினைக்கிறவர்கள் எழுதுவது. கணினியின் முன்னால் இருந்து எழுத வேண்டும். எண்ணூறுக்குப் புள்ளி. முந்திய ஆண்டு ஓகஸ்டில் கொழும்புக்குப் போய் எழுதி, ஐந்நூற்றைம்பது எடுத்துக்கொண்டு வந்திருந்தான் மர்சூக். இங்கிலாந்தில் ஒரு கல்லூரி, சுனாமி அடித்த நாடுகளில் நிவாரண வேலை செய்தவர்களுக்கென்று ஒரேயொரு புலமைப்பரிசில் வைத்திருந்தது. அவர்களிடமிருந்து மரியாதையான கடிதமொன்று வந்தது. உங்கள் அனுபவம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது, அறுநூறு புள்ளி எடுத்து அனுப்புங்கள், இரண்டாயிரத்தொன்பது யூன் முதலாம் திகதிவரை இடத்தை வைத்திருக்கிறோம். அடுத்த வருடம் பார்க்கலாமென்றால் வயது முப்பத்தைந்துக்குக் கீழே இருக்க வேண்டும். அவன் வேலை பார்த்த நிவாரண நிறுவனமும் அந்த யூனோடு மட்டக்களப்பு அலுவலகத்தைப் பூட்டப்போகிறது. ஆகவே இன்னும் ஒரே ஒரு தடவை. ஐம்பது புள்ளி.

சுனாமிக்கு முன்னர் மர்சூக் கூட்டுறவுச் சங்கத்தில் லிகிதர். வெளிவாரியாகப் படித்து வணிகப் பட்டம் எடுத்திருந்தான். கடல் வந்து போன மூன்றாம் வாரம், இங்கிலீசு தெரிந்த ஆள் தேடி வந்த நிறுவனம் அவனைக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக்கியது. கூடாரத் துணி, வாளி, பாய், நுளம்புவலை. லொறியில் நானூறு பாய் என்று எழுதி வரும். அவன் ஒரு தடவை எண்ணுவான். லொறிச் சாரதி தங்கராசா தனியாக இன்னொரு தடவை எண்ணுவார். இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால் பாயை எல்லாம் இறக்கி மறுபடியும் எண்ணுவார்கள். எழுதி வந்த கடதாசியை அவன் ஒரு நாளும் நம்பியதில்லை. நாலு வருடத்தில் ஒரு வாளி குறைந்ததில்லை என்று வெள்ளைக்காரப் பெரியவர் கைகுலுக்கிச் சொன்னார். அந்தக் கை இரண்டு நாளைக்குச் சோறு அளையவும் கூச்சப்பட்டது.

மாதிரி வினாத்தாள்களைத் திருத்துகிற வேலை அவன் மனைவி ஸகியாவுடையது. அசர் தொழுகை முடிந்து, பிள்ளைகள் ஓதப் போனபிறகு, விடைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சிவப்புப் பேனையோடு உட்காருவாள். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவள். கேள்வி என்ன என்று அவளுக்குத் தெரியாது, அவளுக்கு அது தேவையுமில்லை. ஏ, பீ, சீ, டீ, ஈ ஆகிய ஐந்து எழுத்தையும் ஒத்துப்பார்த்தால் சரி. மாசிமாதத்து ஒரு பின்னேரம் பேனையை மூடி வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"மச்சான், இஞ்ச பாருங்க. இந்தப் பகுதியில இருவது கேள்வி. பதினேழுக்கு ஈ போட்டிரிக்கீங்க."

"கவனமாப் பாத்துத்தான் போட்ட."

"அதில நாலுதான் சரி. அந்த ஈ எண்டா என்ன? அதில அப்பிடி என்ன சோட்டை ஒங்களுக்கு?"

மர்சூக் விளக்கினான். இந்தப் பகுதியில் கணக்குச் செய்யச் சொல்லிக் கேட்பதில்லை. ஒரு கேள்வியும் இரண்டு தகவலும் தருவார்கள். விடை கண்டுபிடிக்க முதலாவது தகவல் மட்டும் போதுமென்றால் ஏ. இரண்டாவது மட்டும் போதுமென்றால் பீ. இரண்டும் சேர்ந்தால்தான் போதுமென்றால் சீ. எது இருந்தாலும் போதுமென்றால் டீ. இரண்டையும் சேர்த்தாலும் போதாது என்றால் ஈ.

"அப்ப ஒங்களுக்கு ஒண்டும் போதாது," என்றாள் ஸகியா. "எங்க, ஒண்டு சொல்லுங்க."

"பெட்டிக்குள்ள எத்தின தோடம்பழம் எண்டு கேக்கிறான். முதலாவது தகவல், அரைவாசிய எடுத்தா பன்னிரண்டு மிஞ்சும். ரெண்டாவது, எல்லாப் பழமும் ஒரே பருமன்."

"முதலாவது போதுமே. இருவத்திநாலு."

"பன்னிரண்டு மிஞ்சும் எண்டு ஆர் எண்ணின?"

"கேள்வி போட்டவன் எண்ணியிரிப்பான் மச்சான்."

"அவன் எண்ணினத்த நீ கண்டயா?"

உள்ளறைத் திரைக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாமி ஸாலிஹா. பழைய ஒழுங்குப்படி மருமகனோடு நேரே பேசுவதில்லை. பத்து வருடமாகத் திரைக்குப் பின்னால் நின்று மகளுக்குச் சொல்லுவதுபோல மருமகனுக்குச் சொல்லுவார். "கியா," என்றது திரை, "மாப்பிள்ளைக்கிட்டச் சொல்லு, அந்தப் பெட்டிய இஞ்ச கொண்டரச் சொல்லி. நாம எண்ணிக் குடுப்பம்."

சிரிப்பு அடங்கியபிறகுதான் ஸகியாவுக்கு இது சிரிக்கிற விசயமில்லை என்று தெரிந்தது. பதினேழில் பதின்மூன்று பிழை. தேடித் திரிந்த ஐம்பது புள்ளியும் இந்த எழுத்துக்குள்தான் புதைந்து கிடந்தது.

அவனை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. இந்த ஆற்றோரத்தில் அந்த வருடங்களில் யார்தான் ஒரு தகவலை நம்பி எழுந்து நடந்தார்கள்? ஆற்றைக் கடக்கிற மண்முனைத் துறை திறந்திருக்கிறதா என்று ஒரு கேள்வி. வான்காரன் திறந்திருக்கு என்பான். சென்றியில் நிற்கிற ஆமிக்காரன் இல்லை என்று தலையாட்டுவான். பாதை என்ற மிதவையில் ஆட்களை ஏற்றிக் கடத்துகிற பாதைக்காரன், காலையில் திறந்தது, இப்போது தெரியாது என்பான். மூன்று பேரையும் விசாரித்து முடித்துவிட்டு, போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று எல்லாரும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

போதாததற்குச் சுனாமிக்குப் பிறகு வந்த பொய்ச் சுனாமிகள். இரண்டு மாதத்துக்குள் ஐந்து தடவை "கடல் வருது" என்று ஊர் ஓடியது. ஐந்து தடவையும் மர்சூக் ஓடினான். மூன்றாம் தடவை, மகளென்று நினைத்துப் பக்கத்து வீட்டுத் தலையணையைத் தூக்கிக்கொண்டு கல்லடிப் பாலம் வரைக்கும் ஓடினான். மகள் அவனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் தடவை மாமி ஒழுங்கையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அன்றோடு முடிவெடுத்தான். இனி எவன் வந்து எதைச் சொன்னாலும் தன் கண்ணால் காணாமல் காலை எடுத்து வைப்பதில்லை.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் ஸகியா ஈக்களை எண்ணினாள். பதினாறு. பதினெட்டு. மூன்றாம் நாள் புத்தகத்தை அவன் கையிலிருந்து வாங்கி மூடினாள்.

"ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடா. அண்டைக்கு, சுனாமியண்டு, நாம எப்பிடி ஓடின?"

"மஜீட் வந்து சொன்னான்."

"என்ன சொன்ன?"

"கடல் எழும்பிட்டு, புள்ளையைத் தூக்கு எண்டான்."

"நீங்க கடலக் கண்டீங்களா?"

"இல்ல."

"வேற ஆரிட்டயும் கேட்டீங்களா?"

சுனாமி அடித்த அன்று ஞாயிற்றுக்கிழமை. மஜீட் மீன் பெட்டியையும் சைக்கிளையும் எங்கேயோ போட்டுவிட்டு ஓடிவந்தான். வாசலில் நிற்கக்கூட இல்லை. ஓடுகிற ஓட்டத்திலேயே சொல்லிவிட்டுப் போனான். மர்சூக் ரிப்காவை இடுப்பில் தூக்கி, மாமியின் கையைப் பிடித்து, ஸகியா கைப்பிள்ளையோடு முன்னால் ஓட, ஒழுங்கை முடிவுக்குப் போய்ச் சேருகையில் பின்னால் தண்ணீர் அவர்கள் வீட்டு யன்னல்வரைக்கும் வந்து நின்றது. மாமியின் கையை மருமகன் பிடித்தது அன்று ஒரு நாள்தான்.

"ஒரு மனிசன், ஒரு சொல்லு," என்றாள் ஸகியா. "எண்ணிப் பாக்கணும், போய்ப் பாக்கணும் எண்டு நிண்டிருந்தா ரிப்கா இண்டைக்கு ஓதப் போயிருக்க மாட்டாள். போதுமா இருந்திச்சா இல்லயா?"

"போதும்," என்றான் மர்சூக்.

"இதுவும் அப்பிடித்தான். கேள்வி போட்டவன் ஒங்களுக்குப் பொய் சொல்ல வந்தவன் இல்ல. அவன் பன்னிரண்டு எண்டா பன்னிரண்டு. ஒங்கட களஞ்சியக் கணக்கு அங்க வேணா."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் ஒழுங்காகப் பேசுவதில்லை என்றாகிவிட்டது. எதைக் கேட்டாலும் கேள்வியும் இரண்டு தகவலும்தான்.

"மஜீட் இண்டைக்கு மீன் கொண்டு வருவானா? ஒண்டு, நேத்துக் கடல் மோசம். ரெண்டு, அவன்ட மணி ஒழுங்கையில கேக்குது."

"ரெண்டாவது மட்டும் போதும். பீ."

"கியா," என்றது திரை, "மாப்பிள்ளைக்கிட்டக் கேளு. பசியாற சோறா புட்டா? ஒண்டு, மா வறுத்தாச்சி. ரெண்டு, தேங்கா திருவியாச்சி."

மர்சூக் யோசித்தான். "மாமிக்கிட்டச் சொல்லு, ரெண்டும் சேர்ந்தாலும் போதாது. இடியப்பமாவும் இரிக்கலாம்."

"இடியப்பம்தான்," என்றார் மாமி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பதினேழு பத்தாகி, பத்து ஆறாகியது. மாதிரிப் பரீட்சையில் ஐந்நூற்றெண்பது, பிறகு அறுநூறு, பிறகு மறுபடி ஐந்நூற்றெழுபது. "ஒங்கட மார்க்ஸ் சென்றிக்காரன்ட மொகம் போல, ஒரு நாளைக்கு ஒரு விதம்," என்றாள் ஸகியா.

வேலை இடத்தில் தங்கராசாவும் இந்த விளையாட்டைக் கேட்டு வைத்திருந்தார். மண்டூர்க்காரர், ஐம்பது வயது. ஆற்றைப் பாதையில் கடந்து வேலைக்கு வருகிறவர். அவருடைய தங்கை, யுத்தம் நடக்கிற வன்னியில் கலியாணம் செய்து போனவள். மாசி மாதத்திலிருந்து அவளைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. சித்திரைக் கடைசியில் ஒரு நாள், காலியான களஞ்சியத்தைப் பூட்டிவிட்டு லொறியில் வரும்போது, அவர் வீதியைப் பார்த்தபடியே கேட்டார்.

"தம்பி, நானும் ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்க அண்ணன்."

"என்ட தங்கச்சி உசிரோட இருக்காளா? ஒண்டு, காயப்பட்ட ஆக்கள ஏத்தின கப்பல்ல திருகோணமலைக்கு வந்த ஒருவன், போன மாசம் அவளக் கண்டதெண்டு சொல்றான். ரெண்டாவது…" அவர் கியரை மாற்றினார். "ரெண்டாவது ஒண்டும் இல்ல."

இத்தனை நாளும் கையை அடக்கிப் பழகிய எழுத்து மர்சூக்கின் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"அதுக்கு ஈ தான் அண்ணன்," என்றான் மெதுவாக.

"ஓம்," என்றார் தங்கராசா. "நானும் அப்பிடித்தான் நினைச்ச." கொஞ்ச தூரம் போனபிறகு, "நீ சோதினையை விட்டிராத," என்றார்.

பரீட்சை மே மாதம் பத்தொன்பதாம் திகதி செவ்வாய்க்கிழமை. வேறு நாள் கிடைக்கவில்லை. அந்தக் கிழமை யுத்தம் முடிகிறதென்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. கொழும்புக்குப் போகிற தமிழ் பேசுகிற ஆட்களை வீட்டார் வாசலில் நின்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்து அனுப்பினார்கள். ஸகியா அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் அவன் சட்டைப்பையில் வைத்து ஊசி குத்திவிட்டாள். வெலிக்கந்தையிலும் மற்றச் சோதனைச் சாவடிகளிலும் இறங்கிய ஒவ்வொரு தடவையும் அந்த ஊசியைக் கழற்றி மாட்டியதில் விரல் இரண்டு இடத்தில் பொத்துப்போனது.

பரீட்சை அறை குளிராக இருந்தது. கண்ணாடித் தடுப்புகள், ஆளுக்கொரு கணினி. கட்டுரைகள் இரண்டும் பிழையில்லாமல் போயின. கணிதத்தில் முப்பத்தேழு கேள்வி, எழுபத்தைந்து நிமிடம். ஒரு கேள்விக்கு விடை போட்டால்தான் அடுத்தது வரும், போட்டதைத் திரும்பிப் பார்க்க முடியாது. இருபத்தெட்டாவது கேள்வியில் இருந்தபோது வெளியே வெடித்தது.

அடுத்த கணம் மர்சூக் மேசைக்குக் கீழே இருந்தான். எப்படிப் போனான் என்று அவனுக்கே தெரியாது. கை இரண்டும் தலையில். மறுபடி வெடித்தது, தொடர்ந்து சரம்சரமாக. கண்ணாடிக்கு அப்பால் இருந்து கண்காணிப்பாளர் பெண் ஓடிவந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், குனிந்து, அவன் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்து, பட்டாசு என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள். பிறகு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள், அவளே கொளுத்தியதுபோல. பக்கத்துத் தடுப்புகளில் இருந்த ஒருவரும் அசையவில்லை. அறைக்குள் கீழே போனது அவன் ஒருவன்தான்.

நாற்காலியில் ஏறி உட்கார்ந்தபோது நாலு நிமிடம் போயிருந்தது. கேள்வியை மறுபடி முதலிலிருந்து வாசிக்க இன்னும் இரண்டு. மிச்சம் பத்துக் கேள்வி, பதினொரு நிமிடம். எண்ணிப் பார்க்க நேரமில்லை. கேள்வி சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டான். போதுமென்று பட்டால் போதும், போதாதென்று பட்டால் போதாது. கடைசிக் கேள்விக்கு விடை அமத்தியபோது கடிகாரத்தில் ஏழு செக்கன் இருந்தது. அடுத்து ஆங்கிலம், இன்னும் எழுபத்தைந்து நிமிடம். வெடி ஓயவில்லை. ஒவ்வொன்றுக்கும் தோள் துள்ளியது. மேசையின் விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டே எழுதினான்.

எல்லாம் முடிந்து கணினித் திரை ஒரு கேள்வி கேட்டது. புள்ளியைப் பதிவு செய்யவா, அழித்துவிடவா? அழித்தால் கல்லூரி பார்க்காது. அவனுக்கும் ஒரு நாளும் தெரிய வராது. பதிவு செய்தால் வந்தது வந்ததுதான். முதல் தடவையைவிடக் குறைந்திருந்தாலும் இரண்டும் சேர்ந்தே கல்லூரிக்குப் போகும். புள்ளியைக் காட்டமாட்டார்கள், முதலில் தீர்மானிக்க வேண்டும். யோசிக்க இரண்டு நிமிடம்.

மேசைக்குக் கீழே போனதை நினைத்தான். பதினொரு நிமிடத்தில் போட்ட பத்து விடையை நினைத்தான். அழித்துவிடு என்று அறிவு சொன்னது. வீட்டுக்குப் போய், வெடி வெடித்தது, அழித்துவிட்டேன் என்றால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள், மாமிகூட. ஆனால் நாலு மாதமாகத் தினமும் பின்னேரம் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தவளுக்கு, எவ்வளவு எடுத்தேன் என்று தெரியாது என்ற விடையோடா போய் நிற்பது? மோசமான புள்ளியென்றாலும் அது அவளுடைய புள்ளியும்தான்.

பதிவு என்பதை அமத்தினான்.

அறுநூற்றுப் பத்து.

ஆறு, ஒன்று, பூச்சியம். மூன்று தடவை எண்ணினான். கண்காணிப்பாளர் பெண் அச்சடித்துக் கொடுத்த தாளிலும் ஒரு தடவை எண்ணினான்.

யுத்தம் முடிந்துவிட்டதென்று வெளியே வீதி முழுக்கக் கொடியும் பாட்டும். முச்சக்கரவண்டிகள் ஊதிக்கொண்டு போயின. சந்தியில் மேசை போட்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கிரிபத் என்கிற பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வயதான சிங்களப் பெண்ணொருத்தி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு துண்டை வாழையிலைக் கீற்றில் வைத்து நீட்டினாள். சந்தோசமா மகன் என்று கேட்டாள். அவன் முகத்தில் சந்தோசம் இருந்தது. அதை மறைக்க அவனால் முடியவில்லை, அது எதற்கென்று சொல்லவும் வழியில்லை. ஓம் என்று தலையாட்டி வாங்கிக்கொண்டான். தங்கராசாவின் நினைவு வந்தது. உண்ணவும் மனமில்லை, சோற்றை எறியவும் முடியாது. கையில் வைத்துக்கொண்டே, சத்தம் குறைந்த ஒரு ஒழுங்கைக்குள் போய் ஸகியாவுக்குத் தொலைபேசி எடுத்தான்.

"எங்க நிக்கிறீங்க? என்ன அங்க வெடிக்கிற?"

"பட்டாசு. ஒழுங்கைக்குள்ள நிக்கிறன். பயப்பிடாத."

"திண்டீங்களா?"

"ஸகியா, அறுநூத்திப் பத்து."

முச்சக்கரவண்டியொன்று ஊதிக்கொண்டு ஒழுங்கை வாசலைக் கடந்தது.

"கேக்குதா?"

"கேக்குது." அவள் தொலைபேசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு யாருக்கோ சொன்னாள், தூரத்தில் மாமியின் குரல் அல்ஹம்துலில்லாஹ் என்றது. திரும்பி வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது. "தங்கராசா அண்ணன் ரெண்டு தரம் எடுத்திட்டார், ஒங்கட மார்க்ஸ் வந்திச்சா எண்டு."

"தங்கச்சியப் பத்தி?"

"அவர் சொல்லல்ல. நான் கேக்கல்ல."

"நான் எடுக்கிறன்."

"எடுங்க. மார்க்ஸ முதல்ல சொல்லுங்க." பிறகு கேட்டாள், "படிப்பு எப்ப தொடங்குற?"

"செப்டெம்பர்."

"ஒரு வருசமா?"

"ஒரு வருசம். ஸகியா, வேணாம் எண்டா சொல்லு."

"நல்லாரிக்கு. இவ்வளவு ஈயையும் நான் எண்ணினது வேணாம் எண்டு சொல்லவா?" என்றாள். "செப்டெம்பர் எண்டா இன்னும் மூண்டு மாசத்துக்கு மேல கிடக்கு. அடுப்படிப் பக்கத்துக் கூரை ஒழுகுது. மாரி வரமுன்ன ஓடுகள மாத்தித் தந்திட்டுப் போங்க."

"மாத்தித் தாறன்."

"ரிப்காட கட்டிலுக்கு மேலயும் ஒரு இடம் இரிக்கு," என்றாள் அவள். "வாங்க, காட்டுறன்."